கிழக்கு லண்டனில் இரண்டு விடுதிகள்

லஸ்கர் என்னும் மனிதனை நம்மில் பலர் ஆங்கிலப் புனைகதைகளின் இருட்டு மூலைகளில்தான் முதன்முதலாகச் சந்தித்திருப்போம். சார்ல்ஸ் டிக்கன்ஸ் முடிக்காமலே விட்டுச் சென்ற ‘எட்வின் ட்ரூட்டின் மர்மம்’ (1870) ஓர் அபின் கூடத்தில் தொடங்குகிறது. அந்த உடைந்த கட்டிலில் நினைவிழந்து கிடப்பவர்களில் ஒருவன் லஸ்கர். கானன் டாயில் 1891இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் தேம்ஸ் கரையோரச் சந்தில் அபின் கூடம் நடத்துகிறவனும் ஒரு லஸ்கர்தான். இரு கதைகளிலும் அவனுக்குப் பெயர் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தான், எப்படி அங்கே சேர்ந்தான், இரவில் எங்கே உறங்குகிறான் என்ற கேள்விகளும் இல்லை. கடைசிக் கேள்விக்கு விடை தேடிப் போனால் இரண்டு விடுதிகளின் வாசலில் வந்து நிற்கிறோம்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. படையைக் குறிக்கும் ‘லஷ்கர்’ என்ற பாரசீகச் சொல் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து, ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த ஆசிய மாலுமிகள் அனைவருக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. வங்காளி, குஜராத்தி, மலபார் கரையோரத்தார், ஏமன் நாட்டவர், மலாய்க்காரர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். காவிரிப் படுகையில் பிறந்த வாசகர்களுக்கு வேறொரு லஸ்கரைத் தெரிந்திருக்கும்: மதகின் பலகையை ஏற்றி இறக்கும் பொதுப்பணித் துறையின் கடைநிலை ஊழியர். கடலிலிருந்து வாய்க்காலுக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்பது தனியே எழுத வேண்டிய கதை. இரண்டு இடங்களிலும் அது ஏணியின் கடைசிப் படியில் நிற்பவரையே குறித்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் லண்டனிலிருந்து ஐரோப்பிய மாலுமிகளோடு புறப்படும். வழியில் நோயில் சிலர் இறப்பார்கள். சிலர் இந்தியத் துறைமுகங்களில் ஓடிப்போவார்கள். போர்க்காலமாக இருந்தால் அரச கடற்படை சிலரைப் பிடித்துக்கொள்ளும். திரும்பும் பயணத்துக்கு ஆள் போதாது. அப்போது லஸ்கர்களை ஏற்றிக்கொள்வார்கள். லண்டன் சேர்ந்ததும் அவர்களின் தேவை முடிந்துவிடும். ஏனெனில் பிரிட்டிஷ் கப்பலில் முக்கால் பங்கு மாலுமிகள் பிரிட்டிஷாராக இருக்க வேண்டும் என்று கப்பற்சட்டங்கள் விதித்திருந்தன. கிழக்கே திரும்பும் கப்பலில் வேலை செய்ய உள்ளூர் ஆட்களே வரிசையில் நின்றார்கள். எனவே லஸ்கர்கள் மாதக்கணக்கில் கரையில் காத்திருந்தார்கள். ஒரு வணிக முறையின் கணக்கிலேயே உருவாகிவிட்ட வீடின்மை இது. ஆள் எடுக்கும்போதே, அவன் தெருவில் நிற்கப் போகிறான் என்பது தெரிந்திருந்தது.

1786 ஜனவரியில் லண்டன் கனவான்கள் சிலர் இதற்காகவே ஒரு குழு அமைத்தார்கள். குளிரில் பட்டினி கிடந்த லஸ்கர்களுக்கு உதவுவதுதான் முதல் நோக்கம். நிதி திரட்டிய பின்னர்தான், உதவி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்பது தெரிந்தது. அமெரிக்கப் போரில் விடுதலை வாக்குறுதியை நம்பி பிரிட்டன் பக்கம் நின்று, தோல்விக்குப் பின் லண்டனில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். குழுவின் பெயரும் ‘கறுப்பின ஏழையர் நிவாரணக் குழு’ என்றே நிலைத்தது. இரண்டு மதுக்கடைகளில் வைத்து நாளொன்றுக்கு 6 பென்ஸ் கொடுத்தார்கள்.

இங்கே சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1782இல், ஹைதர் அலியோடு நடந்த போரினால் வந்த பஞ்சத்தில் அகதிகளாகச் சென்னப்பட்டினத்துக்குள் நுழைந்தவர்களுக்கு மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். வடசென்னை மக்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றளவும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்வது அதன் எச்சம். ஒரே கம்பெனியின் இரு முனைகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரு பக்கம் கஞ்சி, மறுபக்கம் 6 பென்ஸ்.  6 பென்ஸ் வாங்கியவனை லண்டனில் ஊரை விட்டுப் போ என்றும் சொன்னார்கள்.

காசு வாங்கிக்கொள்கிறவர்களுக்கு நிரந்தரத் தீர்வு வேண்டுமல்லவா என்று குழு யோசித்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் சியரா லியோன் என்னுமிடத்தில் இவர்களைக் குடியேற்றலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அரசு கப்பல் கொடுக்க முன்வந்தது. அதன்பின், குடியேற ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்களுக்கே நிவாரணம் என்றாயிற்று. 6 பென்ஸ் வழங்கப்பட்ட மதுக்கடைகளில் ஒன்றின் பெயர் ஆங்கிலத்தில் ‘வெள்ளை அண்டங்காக்கை’. வெள்ளைக் காக்காய் பறக்கிறது என்று சொல்லி ஏமாற்றுவதைப் பற்றி நம் ஊரில் உள்ள வழக்கு அந்தக் கனவான்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1787 ஏப்ரலில் ஏறத்தாழ 400 பேர் பிளிமத் துறையிலிருந்து புறப்பட்டார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் போய் இறங்கினார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் பலர் மாண்டனர். எஞ்சியவர்களின் குடியிருப்பை 1789இல் உள்ளூர்த் தலைவன் ஒருவன் எரித்துவிட்டான். உதவி என்பது அனுப்பி வைப்பதற்கான முன்பணமாக மாறும் இந்தப் பழக்கம், பிற்கால விடுதிகள் இரண்டிலும் வேறு வேறு உருவங்களில் தொடர்வதைப் பார்ப்போம்.

லஸ்கர்கள் வருவது நிற்கவில்லை. நெப்போலியப் போர்களின் காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். கம்பெனி ஷாட்வெல் பகுதியில் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் அவர்களுக்குக் கொட்டகை அமைத்திருந்தது. 1814 பிப்ரவரியில் தேம்ஸ் நதி கடைசித் தடவையாக உறைந்து, லண்டன் மக்கள் பனியின்மீது சந்தை கூட்டிக் களித்தார்கள். அதே குளிரில் அதே நதிக்கரையில் லஸ்கர்கள் வெறும் பலகைமீது படுத்திருந்தார்கள். அவ்வாண்டு அமைக்கப்பட்ட நாடாளுமன்றக் குழு அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்த்தது. படுக்கை இல்லை, தட்டுமுட்டுச் சாமான் இல்லை, குளிர்காய அடுப்பு இல்லை. இவ்வளவும் அறிக்கையில் ஏறியது. அறிக்கைகளுக்கு உரிய மரியாதை அதற்கும் கிடைத்தது. 1823இல் வந்த சட்டம், கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் பிறந்த மாலுமியைப் பிரிட்டிஷ் மாலுமியாகக் கருத முடியாது என்று அறுதியிட்டது. அவனைத் திருப்பி அனுப்பும் கடமை கப்பல் உரிமையாளர் தலையில் வைக்கப்பட்டது. மன்னருக்குக் குடிமகன், மன்னரின் தலைநகரில் மட்டும் அந்நியன்.

*

அந்தச் சொல்லையே பெயராகக் கொண்டு ஒரு விடுதி எழுந்தது. லைம்ஹவுஸில், மேற்கிந்தியக் கப்பல்துறைச் சாலையில், ‘ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகியோருக்கான அயலார் இல்லம்’. கப்பற்சட்டங்கள் 1849இல் நீக்கப்பட்டு, நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருக லஸ்கர்களின் தொகையும் பெருகியது. குளிரில் விறைத்து இறந்தவர்களைப் பற்றிய மரண விசாரணைச் செய்திகள் நாளேடுகளில் வந்துகொண்டிருந்தன. கிறித்தவ மிஷனரிகளும், இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரிகளும், வணிகர்களும் சேர்ந்து பணம் திரட்டினார்கள். அரசு கட்டியதல்ல, நன்கொடையில் எழுந்தது. 1856 மே 31 அன்று விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அடிக்கல் நாட்டினார்.

நன்கொடையாளர் வரிசையில் ஒரு பெயர் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. 500 பவுன் கொடுத்தவர் மகாராஜா துலீப் சிங். பஞ்சாபைக் கம்பெனி விழுங்கியபோது சிறுவனாக இருந்து அரியணையையும் கோஹினூர் வைரத்தையும் இழந்து, 1854இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். லண்டனில் வாழ்ந்த ‘அயலார்’ அனைவரிலும் மிகப் பெரிய மாளிகைகளில் விருந்துண்டவர் அவர்தான். ஊருக்குத் திரும்பிப்போய் வாழ அனுமதி கிடைக்காதவரும் அவர்தான். வீட்டுக்குத் திரும்ப வழியற்ற மாலுமிகளுக்காக அந்த இளைஞர் பணம் கொடுத்தபோது என்ன நினைத்தார் என்பதை வரலாறு சொல்லாது. புனைகதை எழுதும் நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

இல்லம் 1857 ஜூனில் திறக்கப்பட்டது. மீரட்டிலும் டெல்லியிலும் சிப்பாய்கள் எழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. செய்தி இன்னும் லண்டனை எட்டவில்லை. எட்டிய பிறகு, இந்திய முகங்களைத் தெருவில் காணும் பார்வையே மாறியிருக்க வேண்டும். அந்தச் சூழலிலும் இல்லம் மூடப்படாமல் நடந்ததை அதை நடத்தியவர்களின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

இல்லத்தின் நடைமுறை எளியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் தங்க இடமிருந்தது. கையில் சம்பளம் உள்ளவர் வாடகை கொடுத்துத் தங்கினார். இல்லாதவருக்கு அறநிதியிலிருந்து இடம் கிடைத்தது. துறைமுகச் சந்துகளில் தரகர்கள் வலைவிரித்துக் காத்திருந்தார்கள். கரையிறங்கும் மாலுமிக்கு அறையும் சாராயமும் கடனாகக் கொடுத்து, ஒரே வாரத்தில் ஆறு மாதச் சம்பளத்தை உருவிவிட்டு, கடனுக்கு ஈடாக அடுத்த கப்பலில் அவனை விற்றுவிடுவது அவர்கள் தொழில். அயலார் இல்லம் மாலுமியின் பணத்தைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டது. கிழக்கே போகும் கப்பல்களில் வேலை பிடித்துக் கொடுக்கும் அலுவலகம் உள்ளேயே இருந்தது. படுக்கை மட்டும் தந்து கைகழுவினால் அவன் மறுபடியும் தெருவுக்கே வருவான், பணப் பாதுகாப்பும் வேலையும் திரும்பும் வழியும் சேர்த்துத் தர வேண்டும் என்பதை 1857லேயே அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். வீடற்றோருக்கான இன்றைய தொண்டு நிறுவனங்கள் வாழ்விடத்தோடு ஆதரவுப் பணிகளையும் இணைப்பதைப் புதிய கண்டுபிடிப்பாகச் சொல்லும்போது நமக்கு லைம்ஹவுஸ் நினைவு வருகிறது.

மாலுமிகள் மட்டும் வந்து சேரவில்லை. நம்மை நெகிழ வைப்பவர்கள் மனுதாரர்கள். நிலத் தகராறிலும் ஓய்வூதியத் தகராறிலும் இந்திய நீதிமன்றங்களில் தோற்று, மகாராணியின் கையில் நேரே காகிதத்தைக் கொடுத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்பி, இருந்ததை விற்றுக் கப்பலேறி வந்தவர்கள். மனுநீதிச் சோழன் வாசலில் மணி தொங்கும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் எல்லா மூலைகளிலும் ஏதோ ஒரு கதையாக இருந்திருக்கிறது. லண்டனில் மணி இல்லை. இந்தியா அலுவலகத்தின் எழுத்தர்கள் இருந்தார்கள். மனுவை இந்தியாவில் உரிய அதிகாரி வழியாக அனுப்பவும் என்று பதில் வரும். மனுதாரர் கைக்காசு தீர்ந்து அயலார் இல்லத்துக்கு வருவார். இப்படிப்பட்டவர்களைக் கவனித்துக்கொள்வதற்காக இந்தியா அலுவலகமே இல்லத்துக்கு ஆண்டு மானியம் கொடுத்தது. நீதி கேட்டு வந்தவரை, ஏழை என்ற கணக்கில் மாற்றி எழுதிக் கப்பலேற்றுவது அரசுக்குச் செலவு குறைந்த வழி. இல்லத்தார் இதை அறிந்து செய்தார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. ஆனால் மானியம் வாங்கும் அறநிலையம் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறது என்பதும் வரலாற்றில் சேர்த்தி.

இல்லத்தோடு பல்லாண்டு தொடர்புகொண்டிருந்தவர் லண்டன் சிட்டி மிஷனின் ஜோசப் சால்டர். ‘இங்கிலாந்தில் ஆசியர்’ (1873), ‘மேற்கில் கிழக்கு’ என்று இரு நூல்களை எழுதியிருக்கிறார். இந்துஸ்தானி கற்றவர்; சந்து சந்தாக அலைந்து லஸ்கர்களையும் தெருப்பாடகர்களையும் மூலிகை விற்பவர்களையும் தேடிப் பேசியவர். அவர் தேடியது ஆன்மாக்களை. மதம் மாறியவர்கள் மிகக் குறைவு. அவர் நூல்களைப் படிக்கையில் எரிச்சலும் நன்றியும் மாறி மாறி வருகின்றன. அஞ்ஞானம், இருள் போன்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் இடறுகின்றன; ஆனாலும் அந்த மனிதர்களில் பலரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துப் பதிவு அது ஒன்றுதான். டிக்கன்ஸ் கேட்காத பெயரைச் சால்டர் கேட்டார்.

அதன் பிறகான கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1925இல் வந்த ஆணை ஒன்று, பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதற்கான ஆவணத்தைக் காட்ட முடியாத நிறவின மாலுமிகளை வெளிநாட்டவராகப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தியது. கப்பலில் வேலை பார்க்கும் மாலுமிகளிடம் கடவுச்சீட்டு இருப்பதில்லை என்பது அனைவருக்கும் தெரியும். 1937இல் அயலார் இல்லம் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய 50,000 இந்திய மாலுமிகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

*

இரண்டாவது விடுதி பெண்களுடையது.

‘ஆயா’ என்ற சொல்லுக்கு நம்மிடையே பல அடுக்குகள் உண்டு. செட்டிநாட்டில் தாயைப் பெற்றவள் ஆயா. பால்வாடியிலும் மருத்துவமனையிலும் கூட்டிப் பெருக்கிக் குழந்தையைக் குளிப்பாட்டுபவரும் ஆயா. ஆங்கிலேய வீடுகளில் குழந்தை வளர்த்தவர்களுக்கு இப்பெயர் வந்தது போர்த்துக்கீசியத்தின் ‘ஐயா’ என்ற செவிலிச் சொல்லிலிருந்து என்பார்கள். நம் பாட்டியும் லிஸ்பனின் செவிலியும் ஒரே ஒலியில் சந்தித்தது தற்செயலாகவே இருக்கலாம். சென்னை மாகாணத்து ஆயாக்களுக்கு ஆங்கிலேயரிடையே நல்ல பெயர் இருந்தது. சென்னையின் வேலையாட்கள் ஆங்கிலம் பேசுவார்கள் என்பது முக்கியக் காரணம். அவர்களில் பலர் கிறித்தவர்கள். ஆகவே கடல் தாண்டுவதற்குச் சாதித் தடை குறைவு.

ஃபிரான்சஸ் ஹாட்சன் பர்னெட்டின் ‘இரகசியத் தோட்டம்’ (1911) நம்மில் பலர் பள்ளி நாட்களில் படித்த நாவல். அதன் முதல் அத்தியாயத்திலேயே காலராவில் ஆயா இறந்துவிடுகிறாள். சிறுமி மேரி கப்பலேறி யார்க்‌ஷயருக்குப் போகிறாள். கதை அங்கே மலர்கிறது. நாவலுக்கு அது வசதி. மெய்யான வாழ்க்கையில் ஆயாவும் கப்பலேறினாள். மேரி போன்ற குழந்தைகளைத் தாதி இல்லாமல் கடல் கடத்த முடியாது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869க்கு முன் அது ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு செல்லும் பல மாதப் பயணம். பின்னர் சில வாரங்கள். சென்னையில் ஒழுங்கான துறைமுகம் அமையாத நாட்களில், மசூலா படகில் அலைகளைத் தாண்டிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தப் படகில் உட்கார்ந்திருந்த நம் ஊர்ப் பெண்ணை நினைத்துப் பார்க்கலாம். கப்பலில் குழந்தைகளையும், கடற்காய்ச்சலில் படுத்த துரைசானியையும், மூட்டை முடிச்சுகளையும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. லண்டன் சேர்ந்ததும், லஸ்கரைப் போலவே, அவர் தேவையும் முடிந்துவிடும்.

நாணயமான குடும்பங்கள் திரும்பும் பயணச்சீட்டை வாங்கிக் கொடுத்தன. வாய்வாக்கு மட்டும் கொடுத்து ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். 1908இல் ஓர் ஆயா கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில், கையில் ஒரு பவுனோடு விடப்பட்டார். அந்த நிலையத்தின் இரைச்சலையும் நீராவியையும் அறிந்தவர்கள் மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகையோருக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ட்கேட் பகுதியில் ‘ஆயாக்கள் இல்லம்’ என்ற விடுதி நடந்துவந்தது. லண்டன் சிட்டி மிஷன் அதன் நிர்வாகத்தை ஏற்று, 1900இல் ஹாக்னியில் கிங் எட்வர்ட் சாலை 26ஆம் எண் வீட்டுக்கு அதை மாற்றியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 100 ஆயாக்கள் வந்து தங்கினார்கள். சீனத்து ‘ஆமா’க்களும் வந்தார்கள். வேனிலுக்கு முன் இந்தியாவை விட்டு வரும் குடும்பங்களோடு வந்து, இலையுதிர் காலத்தில் இந்தியா திரும்பும் குடும்பங்களோடு போவது பெரும்பாலோரின் வழி. இடைப்பட்ட மாதங்கள் ஹாக்னியில். பாட்டு, பிரார்த்தனை, தையல், காத்திருப்பு.

இல்லத்தின் பொருளாதாரம் நுட்பமானது. சற்று நின்று பார்க்கத் தக்கது. ஆயாவின் திரும்பும் பயணச்சீட்டை, அல்லது அதற்கான தொகையை, கூட்டி வந்த குடும்பம் மேற்பார்வை அம்மையாரிடம் ஒப்படைக்கும். இந்தியாவுக்குப் போகும் வேறொரு குடும்பத்துக்கு வழியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா தேவைப்படும். அந்தக் குடும்பம் இல்லத்துக்கு வந்து, ஆயாவின் சேவைக்கு ஈடாக அந்தச் சீட்டை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். அப்படி வரும் பணத்தில்தான் ஆயாவின் காத்திருப்புக் காலச் சாப்பாடும் படுக்கையும் நடந்தன. ஆக, அறநிதியைப் பெரிதாக எதிர்பார்க்காமல் இல்லம் தன் காலில் நின்றது. ஆயாவுக்கும் ஊர் திரும்ப வழி, வழியில் ஊதியம், தெருவில் நிற்க வேண்டாத பாதுகாப்பு.

நேர்த்தியான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் சீட்டு யார் கையில் இருந்தது என்று பாருங்கள். முதலில் எசமானி, பிறகு மேற்பார்வை அம்மையார், பிறகு அடுத்த எசமானி. பயணம் செய்யப் போகிறவர் கையில் அது ஒருபோதும் இல்லை. விற்கப்பட்டது சீட்டா, ஆயாவின் உழைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடந்தன. லண்டனிலேயே தங்கி வேலை தேடிக்கொள்கிறேன் என்று ஓர் ஆயா சொல்லியிருந்தால் இல்லத்தின் கணக்கே உடைந்துபோயிருக்கும். பாதுகாப்பும் பிடியும் ஒரே கையில் இருந்த விடுதி அது. எங்கள் குழுவில் இது குறித்து இரு கருத்துகள் உண்டு. பிச்சை எடுக்காமல், தரகர் கையில் சிக்காமல், நூறு பெண்கள் ஆண்டுதோறும் உயிரோடு ஊர் திரும்பியதற்கு முன்னால் இந்த விமர்சனம் வசதியாக உட்கார்ந்து பேசுவது என்கிறார் ஒரு நண்பர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சீட்டு நம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆயாக்களை முழுக்க ஆதரவற்றவர்களாகச் சித்திரிப்பதும் பிழையாகும். கடற்பயணத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். திருமதி ஆண்டனி பெரேரா என்ற ஆயா 54 தடவை இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே கடலைக் கடந்தவர். கப்பல் நிறுவனங்களின் கால அட்டவணையும், எந்தக் குடும்பம் எப்படி என்ற விவரமும் இத்தகையோருக்கு அத்துப்படியாக இருந்திருக்கும். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று படித்த கனவான்கள் நம் ஊரில் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பெண்கள் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தார்கள். தமிழில் பயண இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. எழுதிவைக்கவில்லை என்பதால் பயணம் நடக்கவில்லை என்றாகிவிடுமா?

பிரிட்டனில் அல்லலுறும் காலனிக் குடிமக்கள் குறித்து ஆராய்ந்த அரசுக் குழு 1910இல் அறிக்கை தந்தது. ஆயாக்கள் இல்லத்தின் அனுபவங்களும் அக்குழுவின் முன் வைக்கப்பட்டன. கைவிட்ட எசமானர்களைக் கட்டிப்போடும் வலுவான விதி எதுவும் வரவில்லை. சுமை இல்லத்தின்மீதே இருந்தது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சத்தால் பெண்களின் கடற்பயணம் தடைப்பட்டபோது, சில மாதக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1921இல் அதே சாலையின் 4ஆம் எண் கொண்ட பெரிய வீட்டுக்கு இல்லம் இடம்பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. பிறகு இந்திய விடுதலை. ஆங்கிலேயக் குடும்பங்கள் ஒரேயடியாகக் கிளம்பிப் போயின. ஆயாக்களுக்கு வேலை இல்லாமற்போயிற்று, இல்லத்துக்கும்.

*

இம்மனிதர்களை வரலாற்றுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ரோசினா விஸ்ராம். அவர் 1986இல் வெளியிட்ட ‘ஆயாக்கள், லஸ்கர்கள், இளவரசர்கள்’ என்ற நூலின் தலைப்பிலேயே ஆயாவும் லஸ்கரும் இளவரசருக்கு முன்னால் நிற்கிறார்கள். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்களும் ஒரே சுவரில் போய் முட்டிக்கொண்டார்கள். பெயர்கள். கப்பல் பயணியர் பட்டியல்களில் ‘இன்ன துரைசானியின் ஆயா’ என்று இருக்கும். மக்கள்தொகைக் கணக்கில் எசமானரின் குடும்பப் பெயரையே ஒட்டி எழுதியிருப்பார்கள். மைலாப்பூரிலோ பரங்கிமலையிலோ பிறந்து வளர்ந்த ஒரு பெண், காகிதத்தில் ஸ்காட்லாந்துக்காரரின் பெயரோடு உலவிக்கொண்டிருப்பார். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று சென்னையில் எங்கோ இருக்கக்கூடும். பாட்டி சீமைக்குப் போய்வந்தவள் என்ற குடும்பக் கதை யார் வீட்டிலேனும் இருந்தால் வாசகர்கள் எங்களுக்கு எழுத வேண்டும்.

ஹாக்னியில் குடியிருந்த இளம்பெண் ஒருவர் தம் வீட்டருகே இப்படியோர் இடம் இருந்ததை அறிந்து இயக்கம் நடத்தியதன் பயனாக, 2022 ஜூனில் 26ஆம் எண் வீட்டின் சுவரில் நீலப் பலகை பதிக்கப்பட்டது. லண்டனில் இத்தகைய பலகைகள் பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் பெயரைத் தாங்குபவை. இதில் எந்த ஆயாவின் பெயரும் இல்லை.

வளைகுடா நாடுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் செல்வந்தக் குடும்பங்களோடு லண்டனுக்கு வரும் வீட்டுப் பணிப்பெண்களுக்கு உதவ, 1987இல் கலாயான் என்றோர் அறநிறுவனம் அந்நகரில் தொடங்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் மொழியில் அச்சொல்லுக்கு விடுதலை என்று பொருள். படுக்கை கொடுக்கும் நிறுவனமல்ல அது. சட்ட ஆலோசனை தருவது. தப்பி வருகிறவர்களில் பலரிடம் கடவுச்சீட்டு இருப்பதில்லை. எசமானர் வாங்கி வைத்திருப்பார். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1998இல், எசமானரை மாற்றிக்கொண்டு வேறு வீட்டில் வேலை பார்க்கும் உரிமையை அரசு இவர்களுக்கு அளித்தது. 2012 ஏப்ரலில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது: விசா ஆறு மாதம், கூட்டி வந்தவர் வீட்டில் மட்டும் வேலை. 2016இல் அந்த ஆறு மாதத்துக்குள் எசமானரை மாற்றிக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். இரண்டு மாதமோ மூன்று மாதமோ மிச்சமிருக்கும் விசாவோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு எந்த வீட்டில் வேலை கொடுப்பார்கள் என்ற கேள்வியைக் கலாயான் அதற்குப் பின்னரும் எழுப்பி வந்திருக்கிறது.